விலைக்கு வாங்கிய குப்பை

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி இருக்கும். நமது ஊர்க் கடைத்தெருவிலே பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் கடையொன்றில், சிவப்பு மசிப் பேனா வாங்குவதற்காக நின்றுகொண்டிருந்தோம். (உபாத்தியாயர் ஒருவர் அரிசி இல்லாமற்கூட ஒரு வாரம் தள்ளிவிடலாம், சிவப்பு மசி இல்லாமல் தள்ள முடியாது.) அச்சமயம் ஒரு கனவான் மோட்டார் சைக்கிளை நடுத்தெருவிலே நிறுத்திவிட்டு, மூச்சு இரைக்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சி! குப்பை இருக்கா?" என்று கேட்டார்.

கடைக்காரர் கொஞ்சமாவது ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? படவில்லை. "எந்த வகுப்புக்கு?" என்று மாத்திரம் கேட்டார்.

"ஆறாம் வகுப்பு. 'வீட்டுக் கழிவிலிருந்து கலைப்பொருள்.' நாளைக்குக் காலையில கொடுக்கணுமாம்."

"அந்தச் செட்டு சாயங்காலமே தீந்துபோச்சே! சரி, இருங்க, சேத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐஸ்கிரீம் குச்சி 50 கொண்ட கட்டு ஒன்று. ஐஸ்கிரீமைக் கண்ணாலும் கண்டிராத குச்சிகள். இரண்டு டஜன் புதுக் காகிதக் கிண்ணங்கள். ஜிகினாத்தூள், பஞ்சு உருண்டை, பசை. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "ஸ்ட்ரா வேணுமா? உள்ள இருக்கு" என்றார். 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களுக்குத் தடை இருப்பதால் அந்த ரகசியக் குரல். மொத்தம் 180 ரூபாய். குப்பை இவ்வளவு விலை விற்கும் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை.

கனவான் திரும்பினார்; நம்மைப் பார்த்தார்; முகம் வெளுத்தது. "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனார். ஏனெனில், அந்த வீட்டுப் பாடத்தைக் கொடுத்த ஆறாம் வகுப்பு உபாத்தியாயர் வேறு யாருமல்ல, நாமேதான்.

மறுநாள் வகுப்பில் 37 கலைப்பொருள்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் 20-க்கு மேற்பட்டவை பேனா வைக்கும் கூடு. எல்லாம் ஒரே கைபேசிப் படத்தைப் பார்த்துச் செய்தவை. பெரும்பாலும் தாய்மார்கள் செய்தவை. சிலவற்றில் பசை இன்னும் காயவில்லை. நாம் மார்க்குப் போட்டுக்கொண்டே வந்தோம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் வெறுங்கையோடு எழுந்து நின்றான்.

"எங்கேயடா?" என்றோம்.

"எங்க வீட்டுல குப்பை இல்ல சார்" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதிதாக வாங்கிய சிவப்புப் பேனாவினால் அவன் பெயருக்கு எதிரே ஒரு பூஜ்யம் போட்டோம்.

அந்தப் பூஜ்யம் நம்மைச் சும்மா விடவில்லை. விலைக்கு வாங்கிய குப்பைக்குப் பத்துக்கு ஒன்பது. உண்மையைச் சொன்னவனுக்குப் பூஜ்யம்! அடுத்த சனிக்கிழமை மாலை அவன் வீட்டைத் தேடிக்கொண்டு புறப்பட்டோம்.

தூத்துக்குடி ஜில்லாவின் தெற்கே, சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே போகிறவர்கள் தேரிக்காட்டைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் இரத்தச் சிவப்பான மணல் மேடுகள், நடுநடுவே பனைகள். அந்தத் தேரியின் ஓரத்திலே இருந்தது வீடு. பையன் சொன்னது முழுக்க முழுக்க வாஸ்தவம். காய்கறித் தோலை ஆடு தின்கிறது. காய்ந்து விழுந்த காவோலை அடுப்பெரிக்க ஆகிறது. அந்தச் சாம்பல் பாத்திரம் துலக்க. பனை மட்டை வேலியாகவும், அதில் உரித்த நார் கட்டிலாகவும், கொட்டாங்குச்சி அகப்பையாகவும் மாறியிருந்தன. ஒரே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதையும் நாலாக மடித்துக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தார்கள், ரேஷன் கடைக்குக் கொண்டு போவதற்கு.

திண்ணையில் பையனுடைய ஆச்சி உட்கார்ந்து கருப்பட்டிக் கொட்டான் முடைந்துகொண்டிருந்தாள். வயது எழுபதுக்கு மேல். நம்மோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை. கொட்டான் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. புறப்படும்போது பேரனை அழைத்து, ஒரு ஓலைத் துண்டை இரண்டு மடிப்பு மடித்து அதிலே நமக்குப் பதநீர் கொடுக்கச் சொன்னாள். பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்திருக்கும் நேயர்களுக்கு நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை. குடித்து முடித்ததும் ஆடு அந்தப் பட்டையை நம் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது.

*

மே மாத விடுமுறையில் பத்து நாள், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் குழந்தைகளுக்குக் கைவேலைப் பட்டறை ஒன்று நடத்துவது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: செலவு கூடாது. இந்த ஒரு நிபந்தனையை நாம் ரொம்பவும் அழகாக நிறைவேற்றினோம். 23 குழந்தைகள் பெயர் கொடுத்தார்கள். தேரிப் பையனுடைய ஆச்சி தினமும் காலையில் வந்து ஓலை வேலை சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தாள்.

முதல் நாள் நமது ஞானம் வெளிப்பட்டது. "போய் இயற்கைப் பொருள்களைச் சேகரித்துக்கொண்டு வாருங்கள்!" என்று கம்பீரமாகக் கட்டளையிட்டோம். கால் மணி நேரத்தில் 23 பேரும் திரும்பினார்கள். கைநிறையப் பச்சைக் கிளைகள். பள்ளிக்கூட வாசலில் இருந்த செம்பருத்திச் செடி மொட்டையாக நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஆச்சி உள்ளே நுழைந்தாள்.

"ஏலே, பச்சைக் கொப்ப ஏம்லே ஒடிச்சிய? மரம் தானா உதுத்தது கீழ கெடக்குல்லா, அதை எடுங்கலே!" என்று குழந்தைகளை அதட்டிவிட்டு, நம் பக்கம் திரும்பி, "வாத்தியாரையா, நீங்களும் பாத்துக்கிட்டா இருந்திய?" என்றாள்.

நாம் தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே கிடைத்திருக்கும்.

கீழே கிடப்பதை மட்டுமே எடுக்க வேண்டும் என்ற சட்டம் அன்றே அமுலுக்கு வந்தது. கீழே கிடப்பது கொஞ்சமா? சலசலவென்று சப்திக்கும் வாகை நெற்று, பட்டாக்கத்திபோல் நீண்ட மயில்கொன்றை நெற்று, வெடித்து விழுந்த இலவங்காய், தென்னம்பாளை, புளியங்கொட்டை, காக்கை இறகு. ஒரு சிறுமி மதில் ஓரத்தில் பாம்புச் சட்டை ஒன்றை முழுசாகக் கண்டெடுத்து விட்டாள். அன்றைக்குப் பட்டறையில் வேறு வேலை ஒன்றும் நடக்கவில்லை. சட்டை எப்படிக் கழன்றது, கண்ணின் மேலுள்ள தோலும் கழலுமா என்ற விசாரணையிலேயே பொழுது போயிற்று. கழலும் என்பது அந்தச் சட்டையிலேயே தெரிந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கண்ணாடி வட்டங்கள்.

இரண்டாம் நாள் ஆச்சி ஓலைக் காற்றாடி செய்யச் சொல்லிக்கொடுத்தாள். இதற்கு வேண்டியது இரண்டு ஓலைக் கீற்று, ஒரு உடைமுள், ஒரு சோளத்தட்டை. ஈர்க்கு நீக்கிய கீற்றுகளைச் சிலுவைபோல் ஒன்றுக்குள் ஒன்று மடக்கி, நடுவிலே முள்ளைக் குத்தி, முள்ளின் மறுநுனியைத் தட்டையில் செருகிவிட வேண்டும். காற்றுக்கு எதிரே ஓடினால் சுழலும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம், கத்தரிக்கோல்கூட வேண்டாம். ஒரு பெண்ணின் காற்றாடி மாத்திரம் சுழலவில்லை. அவள் மைதானத்தை மூன்று சுற்று ஓடிவிட்டு அழத் தயாராக வந்தாள். ஆச்சி அதை வாங்கி முள்ளை அரைச் சுற்றுத் திருகினாள். "முள்ளு இறுக்கமா இருந்தா சுத்தாதுட்டி. அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்லா" என்றாள். பாட புஸ்தகத்தில் உராய்வு என்ற அத்தியாயத்தை நாம் எத்தனையோ வருஷங்களாக நடத்தி வருகிறோம். இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

பிறகு ஓலைப் பாம்பு, பந்து, உள்ளே கூழாங்கல் போட்ட கிலுகிலுப்பை. நுங்குக் காலமாதலால் நுங்கு வண்டிக்கும் குறைவில்லை. குடைந்து தின்ற இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியால் கோர்த்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் அந்த வண்டியை நமது பால்யத்தில் ஓட்டியதுதான். நாற்பத்தைந்தாம் வயதில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். நேயர்கள் இதை வெளியில் சொல்லக் கூடாது.

நிற்க. இது ஏதோ கிராமத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, இதற்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நமது சக ஆசிரியர் ஒருவரும் கேட்டார். 1936-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பைஸ்பூர் என்ற மகாராஷ்டிரக் கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. கிராமத்தில் கூடிய முதல் காங்கிரஸ் அதுதான். பந்தலையும் நகரையும் அலங்கரிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் சாந்திநிகேதனத்துச் சித்திரக்காரர் நந்தலால் போஸிடம் ஒப்படைத்தார். அவர் கல்கத்தாவிலிருந்து சாமான் தருவிக்கவில்லை. அந்தப் பக்கத்து மூங்கிலையும் கூரைப் புல்லையும் கொண்டே நகரை எழுப்பினார். 1938-ல் ஹரிபுரா காங்கிரஸுக்காக அவர் எழுதிய வரிசைச் சித்திரங்கள் இன்று பிரசித்தமானவை. மத்தளம் கொட்டுகிறவன், செருப்புத் தைக்கிறவன், நெல் குத்தும் பெண் என்று கிராமத்து ஜனங்களை, கையால் செய்த காகிதத்தின் மேல் மண் வண்ணங்களில் எழுதினார். நமது காலத்திலேயே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஞ்சினீயரிங் படித்த அரவிந்த குப்தா என்பவர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வு குழாயும் பழைய பத்திரிகைத் தாளும் கொண்டு ஏழைக் குழந்தைகளுக்கு விஞ்ஞான பொம்மைகள் செய்து காட்டுவதையே ஆயுள் வேலையாகக் கொண்டிருக்கிறார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். சண்டிகரில் நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டர் உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய பூங்காவையே கட்டி, 1976-ல் அதைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இவ்வளவையும் சக ஆசிரியரிடம் ஒரே மூச்சில் சொன்னோம். அவர், "அதெல்லாம் சரி, பரீட்சையில் வருமா?" என்று கேட்டார்.

*

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. நான்காம் நாள் காகிதம் செய்தோம். அவரவர் வீட்டிலிருந்து பழைய விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அவற்றைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஆட்டுரலில் கூழாக அரைத்து, அகன்ற தொட்டியில் நீரோடு கலக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையால் அள்ளி எடுத்து, பழைய வேஷ்டித் துணியின்மேல் கவிழ்த்துக் காயவைத்தால் காகிதம்! தேரிப் பையன் தன் விஞ்ஞான விடைத்தாளைக் கொண்டுவந்தான். 100-க்கு 17. அதை அவன் கிழித்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். மார்க்கு இருந்த மூலையைத் தனியாக எடுத்து, எட்டுத் துண்டாக, பிறகு பதினாறு துண்டாகக் கிழித்தான். நமது சிவப்பு மசி கரைந்ததனால் காய்ந்த காகிதம் இலேசான ரோஜா நிறமாக வந்தது. எந்தக் காகிதம் அதிக ரோஜாவோ அதற்குத்தான் போட்டி. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மசி குறைவு அல்லவா? அவர்களுடைய காகிதம் சோகையாக இருந்தது.

காகிதம் ஆயிற்று, வண்ணத்துக்கு எங்கே போவது? மஞ்சள் தூளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். செம்பருத்தி இதழைக் காகிதத்தில் தேய்த்தால் ஊதா. அதன்மேல் எலுமிச்சம் சாறு பட்டால் சிவப்பு, சவுக்காரத் தண்ணீர் பட்டால் பச்சை கலந்த நீலம். விளக்குப் புகை கறுப்பு. வேலம் பிசினைக் கரைத்து எல்லாவற்றிலும் கலந்துகொண்டோம். ஆனால் மஞ்சளை நம்ப முடியாது என்பதும் தெரிந்தது. ஒரு குழந்தை எழுதிய சூரியகாந்தித் தோட்டம் இரண்டே நாள் வெயிலில் தொங்கி, தோட்டம் மாத்திரம் இருந்தது, பூக்களைக் காணோம். சூரியனே சூரியகாந்தியைத் தின்றுவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் தேரிப் பையன் ஒரு பால்பவுடர் டப்பா நிறையத் தேரி மணலைக் கொண்டுவந்தான். "சார், இது வெளுக்காது" என்றான். ஆனால் மணலைக் குழைத்து எழுதினால் காய்ந்ததும் பொலபொலவென்று உதிருமே! அதற்கும் அவனே வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். மணலை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகத் தேய்த்துக் கலக்கினான். கனமான மணல் உடனே அடியில் தங்கிற்று. மேலே நின்ற சிவப்புத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்தான். மறுநாள் தண்ணீர் தெளிந்து, அடியில் வெண்ணெய் போன்ற சிவப்புச் சேறு படிந்திருந்தது. ஆச்சி வீட்டுத் திண்ணைக்குச் செம்மண் பூசும்போது பார்த்துக் கற்றுக்கொண்டதாம். பீம்பேட்காக் குகைகளில் ஆதி மனிதர்கள் எழுதிய மானும் எருதும் இன்றைக்கும் சிவப்பாக இருப்பதற்குக் காரணமான அதே இரும்புச் சிவப்புத்தான் தேரியிலும் இருக்கிறது. இதை நாம் சொன்னபோது பையன் டப்பாவை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, மூடியை இறுக்கி மூடினான். அன்று முதல் மற்றப் பிள்ளைகள் அவனிடம் ஒரு கரண்டி சிவப்புக்காக வரிசையில் நின்றார்கள்.

*

இனிமேல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தோம்.

ஆறாம் நாள் களிமண் பறவைகள் செய்வதாக ஏற்பாடு. பறவைக்குக் கண் வேண்டும். விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியைக் கண்ணாக வைப்பது நம் நாட்டு வழக்கந்தானே? நாம் முந்தின மாலை வேலியோரத்திலிருந்து ஒரு கைப்பிடி குன்றிமணி சேகரித்து வந்தோம். அதோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. சிறு பெண்களுக்கு மாலை கோர்த்துக் கொடுத்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று தோன்றிற்று. இரவு பத்து மணி வரையில் உட்கார்ந்து, ஊசியைக் காய்ச்சிக் காய்ச்சி, ஒவ்வொரு மணியிலும் துளையிட்டோம்.

குன்றிமணியின் சாஸ்திரப் பெயர் ஆப்ரஸ் பிரிகடோரியஸ். ஜபமாலைக்கு உதவுவதனால் வந்த பெயர் அது. பி.எஸ்ஸி. பரீட்சையில் அதன் இலை, பூ, விதை எல்லாவற்றையும் படம் போட்டுப் பாகம் குறித்து எழுதியிருக்கிறோம். அதிலுள்ள ஆப்ரின் கொடிய விஷம் என்பதும் நமக்குத் தெரியும். மேலோடு உடையாத மணி வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் அப்படியே வெளியில் வந்துவிடும். மென்றாலோ, துளையிட்டிருந்தாலோதான் ஆபத்து என்பதும் தெரியும். தெரிந்ததெல்லாம் எங்கே போயிருந்தது, அந்த இரவு பத்து மணிக்கு?

பதினோரு மணி சுமாருக்கு, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, காற்றாடி சுழலாமல் அழப்போனாளே அவளேதான், நம்மிடம் வந்து, "சார், ஒண்ணு உள்ள போயிட்டு" என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். வாயில் வைத்து நூலின் நுனியை ஈரப்படுத்தும்போது நழுவிவிட்டதாம்.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது சரியாக நினைவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறது: "முழு மணியா, துளை போட்டதா?"

துளை போட்டது. நாம் போட்ட துளை.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. வந்த குறிக்கு வைத்தியம் செய்யலாம்; குறிகள் சில மணியிலும் வரலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம். குழந்தைக்குக் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வாயெல்லாம் கறுப்பாகி, அவள் நம்மைப் பார்த்து, "படம் போடுற கரியா சார்?" என்று கேட்டாள். வைத்தியத்துக்கென்று தனியாகச் செய்த கரி என்று பதில் சொன்னோம். குரல் சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

அவளுடைய தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். இரவு பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். நம்மை அடிப்பார் என்று எதிர்பார்த்தோம், அடித்திருந்தால் தேவலை. படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து, நமக்குப் பக்கத்திலே பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க படிச்ச ஆளுதானே சார்?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு இரவு அந்தப் பெஞ்சிலேயே கழித்தோம். குழந்தை முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், பிறகு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை இட்டிலி கேட்டாள். அன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பட்டறையைத் தலைமையாசிரியர் நிறுத்திவைத்திருந்தார். அது நியாயந்தான். தொடர்ந்து நடத்துவதானால், கடையில் பெட்டியாக விற்கும் சாமான்களை மட்டுமே உபயோகிக்க வேண்டும் என்று சொன்னார். அதுவும் ஒருவிதத்தில் நியாயந்தான். 23 குழந்தைகளில் 11 பேரைப் பெற்றோர்கள் திரும்ப அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாம் வாகை நெற்று, பாளை, இறகு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தோம். ஆச்சி மட்டும் வழக்கம்போல் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணுக்கு வைக்கலாம், தட்டான் பொன்னு நிறுக்கலாம். துளைக்கப்படாதுன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, வாத்தியாரையா" என்றாள்.

கேட்டிருக்கலாம். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது ஓலை மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக என்றுதான் நாம் எண்ணியிருந்தோம்.

அன்று மாலை சிறுமியின் தாயார் நம் வீட்டுக்கு வந்தார். நாம் வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தோம். அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு வேலியிலயும் அந்தக் கொடி இருக்கு சார். நான் சின்னப் பிள்ளையில மாலை கோத்துப் போட்டிருக்கேன். விஷம்னு யாரும் சொல்லல. எது எது விஷம்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க. எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். இந்த வார்த்தைகளை அப்படியே தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மூன்று நாள் அனுமதி கொடுத்தார். நுங்கு வண்டி கூடாது என்றார். நுங்கு வண்டி என்ன பாவம் செய்ததோ, தெரியவில்லை.

மூன்று நாளும் 12 குழந்தைகள் வந்தார்கள். ஆச்சியை முன்னால் விட்டு, பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள செடி கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். அவள் ஊர்ப் பெயரும் குணமும் சொன்னாள். நாம் புஸ்தகத்தைப் புரட்டிச் சரி பார்த்தோம். அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு விதை, காட்டாமணக்கு. ஒரு பர்லாங்கு தூரத்துக்குள் இத்தனை விஷம் இருப்பதை, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பதினெட்டு வருஷம் வேலை பார்த்த நாம் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் குழந்தைகள் தாங்கள் செய்த ரோஜாக் காகிதத்தில் எழுதினார்கள். கிளையை ஒடிக்காமல், செடி நிற்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்து எழுதினார்கள். படத்தின் கீழே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று இரண்டு வரி. எழுதி முடித்ததும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தாள்களைப் பனை நாரினால் தைத்தோம்.

மேலட்டைக்குக் குன்றிமணிதான் படம். எட்டு வயதுச் சிறுமி அதைத் தானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தேரிப் பையன் டப்பாவின் அடியில் மிச்சமிருந்த சிவப்பையெல்லாம் வழித்து அவளுக்குக் கொடுத்துவிட்டான். விளக்குக் கரியால் கறுப்புப் பொட்டு வைத்தாள். படத்தில் அந்த மணி ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது. துளை இல்லை.

அந்தப் புஸ்தகம் இப்போது பள்ளிக்கூட வாசகசாலையில் இருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க நடுவே வேப்பிலை வைத்திருக்கிறோம். தேரிப் பையனுடைய பூஜ்யத்தை அடித்துத் திருத்தியதைப் பற்றி அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், கடைத்தெருவில் அண்ணாச்சி நம்மை நிறுத்தி, "சார், இந்த வருஷம் குப்பைச் செட்டு எத்தனை எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றோம். நம் மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

போன வெள்ளிக்கிழமை மாலை, கடைசி மணி அடித்த பிறகு, சிறுமி நம்மைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்தாள். பஞ்சின்மேல் பழுப்பு நிறமாய் ஒரு விதை. ரெயில் பாதை ஓரத்தில் கிடந்ததாம்.

"சார், இது விஷமா?"

விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியவில்லை, அம்மா. திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றோம்.

அவள் தீப்பெட்டியை மூடி நம் கையில் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.